ஓசையின்றித் தேயும் வால்வுகள்

தேய்வு ஓசையோடு வருவது என்பது நம்மவர் பட்டறிவு. வண்டிற் சில்லின் அச்சுத் தேய்ந்தாற் சில்லு ஆடி ஒலிக்கும். கிணற்றுக் கப்பி தேய்ந்தால் அயல் வீட்டாருக்கும் கேட்கும். ஆதலின், ஓசை எழுப்பாத பொருள் நலமாயிருக்கின்றது என்று எண்ணிப் பழகிவிட்டோம். அவ்வெண்ணம் பெரும்பாலும் பிழைபடுவதில்லை. எனினும், பந்தயத் தடத்திலே ஓட்டப்பெறும் மோட்டார்ச் சைக்கிளின் எஞ்சினுள் அது முற்றிலும் பிழைபடும் இடம் ஒன்று உண்டு. அங்கே தேய்வு கூடுந்தோறும் ஓசை குறைகின்றது. ஓசை முற்றாக அடங்கும் வேளையே கேடு முற்றிய வேளையாகும். அவ்விடம் வால்வும் அதனைச் சார்ந்து இயங்கும் உறுப்புக்களுமாம்.

தமிழாசிரியன் ஒருவன் விழா மலரில் எஞ்சினைப் பற்றி எழுதுவது சிலர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். இக்கல்லூரியிற் பயின்று வெளியேறியோருட் பலர் இன்று எந்திரங்களோடு நாளும் பழகுவோர். இன்று பயிலும் மாணவருட் சிலர்க்கோ பந்தயத் தடமே கனவு. அன்னார்க்குப் பயன்படும் பொருளைத் தமிழில் விளங்கச் சொல்லுதல் தமிழாசிரியன் கடமைக்குப் புறம்பானதன்று. கராச்சிலே வழங்கும் சொற்களை வழங்கியவாறே ஆண்டு, அவற்றின் பொருளை மட்டும் விளக்கிச் செல்வேன்.

வால்வின் தொழில்

நாலடிப்பு எஞ்சினிலே உள்ளெடுத்தல், அமுக்கல், தகனம், வெளியேற்றல் என்னும் நான்கு அடிப்புக்கள் முறையே நிகழ்கின்றன. அவை நிறைவேறுதற்குக் கிராங்குத் தண்டு இருமுறை சுழல வேண்டும். அவ்விரு சுழற்சிக்குள் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூடுகின்றது.

தகன அறையின் கூரையிலே வட்டமான வாயில்கள் உள. காற்றும் பெற்றோல் ஆவியும் புகும் வாயிலை உள்ளெடுப்பு வால்வும், எரிந்த வாயு போகும் வாயிலை வெளியேற்று வால்வும் அடைக்கின்றன. வாயிலின் விளிம்பிற் பதித்த வன்மையான உலோக வளையம் இருக்கை எனப்படும். வால்வின் தலை அவ்விருக்கையிற் பொருந்தி அமர்கின்றது. அதன் தண்டு வழிகாட்டி என்னும் குழலினூடே மேலும் கீழும் ஓடுகின்றது. மேலேயுள்ள கேம் தண்டின் முட்டை வடிவான புடைப்புச் சுழன்று வந்து அழுத்த வால்வு திறக்கும். புடைப்பு நீங்கியதும் சுருள்வில் அதனை மீள மூடும். புடைப்புக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே, கவிழ்த்த கிண்ணம் போன்ற டப்பட் என்னும் உறுப்பும், அக்கிண்ணத்தினடியில் ஷிம் எனப்படும் சிறு வட்டத் தகடும் இருக்கின்றன. வால்வு மூடியிருக்கும்போது கேமுக்கும் டப்பட்டுக்கும் நடுவே விடப்படும் சிறு வெளியே வால்வு இடைவெளியாகும்.

எடுத்துக்காட்டாக, ஹொண்டா நிறுவனத்தார் 2003 ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு விட்ட சிபிஆர் 600 ஆர்ஆர் என்னும் மோட்டார்ச் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். அதற்கு நான்கு உருளைகள். உருளைக்கு நான்காகப் பதினாறு வால்வுகள். உள்ளெடுப்பு வால்வுகளுக்கு 0.20 மில்லிமீற்றரும், வெளியேற்று வால்வுகளுக்கு 0.28 மில்லிமீற்றரும் இடைவெளியாக விதிக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் 0.03 மில்லிமீற்றர் கூடலாம் அல்லது குறையலாம். நாம் எழுதும் தாளில் இரண்டினை அடுக்கினால் ஏறத்தாழ 0.20 மில்லிமீற்றர் தடிப்பு வரும். அத்துணைச் சிறிய வெளியிலேதான் எஞ்சினின் ஆயுள் தங்கியுள்ளது. வெளியேற்று வால்வு மிகுதியாக வெப்பமேறி நீள்வதாலேயே அதற்குக் கூடிய வெளி விடப்படுகின்றது.

தடத்தின் கடுமை

இவ்வெஞ்சின் நிமிடத்துக்கு 15,000 சுழற்சிவரை செல்ல வல்லது. தடத்திலே இருபது நிமிட ஓட்டமொன்றில் அது சராசரி 10,000 சுழற்சியில் இயங்குவதாகக் கொள்வோம். அப்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 5,000 முறை, இருபது நிமிடத்துக்கு ஓரிலட்சம் முறை இருக்கையில் அறைந்து மூடும். ஒரு நாளில் ஆறு முறை ஓடினால் ஆறிலட்சம் அறைகள். தெருவிலே கடை தெருவுக்கும் வேலைக்கும் சென்று வருபவர் எஞ்சினை 5,000 சுழற்சிக்கு மேல் அரிதாகவே செலுத்துவார்.

அறைகளின் தொகையை மட்டும் எண்ணுதல் போதாது. வால்வைத் திறந்து மூடும் சடத்துவ விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. 6,000 சுழற்சியிலுள்ள விசை 12,000 சுழற்சியில் இரு மடங்காவதன்று, நான்கு மடங்காகும். ஆதலின் ஏறத்தாழ 25,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை இடைவெளியைப் பார்க்க என்று தெருவோட்டத்துக்கு விதித்த தவணையைத் தடத்திலோடுபவர் தமக்கும் உரியதெனக் கொள்ளலாகாது. தடத்திலே கிலோமீற்றர் சரியான அளவுகோலன்று. ஓடிய மணித்தியாலத்தையே எண்ணல் வேண்டும்.

இவற்றினும் கொடிய பகை ஒன்றுண்டு. வளைவை அணுகும் ஓட்டுநர் தடுப்பை அழுத்தியவாறே கியரை இறக்குவார். மூன்றாங் கியரில் 13,000 சுழற்சியில் ஓடும் எஞ்சினை, வேகம் தணியுமுன் இரண்டாங் கியருக்கு இறக்கினார் எனக் கொள்க. அவ்விரு கியர்களின் விகிதம் ஐந்துக்கு நான்காயின், எஞ்சின் ஒரு கணத்தில் 16,250 சுழற்சிக்கு ஏறிவிடும். சுழற்சி எல்லை கடவாது காக்கும் மின்கருவி இதனைத் தடுக்க மாட்டாது. அக்கருவி பெற்றோலையோ தீப்பொறியையோ நிறுத்த வல்லதேயன்றி, எஞ்சினைச் சுழற்றும் பின் சில்லை நிறுத்த வல்லதன்று. பின்னோக்கு விசை மிகும்போது வழுக்கிக் கொடுக்கும் கிளச்சு ஓரளவு துணை செய்யும், முற்றாகக் காவாது.

எல்லை கடந்த சுழற்சியிற் சுருள்வில் கேமின் விரைவைத் தொடர மாட்டாது தளரும். வால்வு கேமை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கும். இதனை வால்வு மிதத்தல் என்பர். அவ்வேளை மேலெழும் முசலம், அதாவது பிஸ்டன், மூடாத வால்வின் தலையிலே மோதினால் தண்டு வளையும். சிறிது வளைந்த வால்வுடன் எஞ்சின் மேலும் சில நாள் ஓடவுங்கூடும். அதுவே அதன் வஞ்சகம்.

சுருள்வில்லின் இக்குறையை வெல்லப் பொறியியலறிஞர் நெடுங்காலம் முயன்றனர். 1961 ஆம் ஆண்டு மான் தீவின் பெரும் பந்தயத்தில் மைக் ஹேல்வூட் வெற்றி பெற்ற நோர்ட்டன் மாங்ஸ் எஞ்சினிலே, சுருளுக்கு மாறாகக் கொண்டையூசி வடிவான விற்கள் காற்றுப்படும்படி வெளியே அமைந்திருந்தன. இத்தாலியிலே டுக்காட்டி நிறுவனத்துப் பொறியியலாளர் பாபியோ தல்யோனி, வால்வைத் திறக்க ஒரு கேமும் மூட வேறொரு கேமும் வைத்து, வில்லின் தயவையே வேண்டாத அமைப்பைச் செய்தார். அவ்வமைப்புடைய 125 கன சென்ரிமீற்றர் வண்டி 1956 இல் சுவீடன் நாட்டு ஹெடமோராவில் தன் முதற் பந்தயத்திலேயே வென்றது. 2002 இல் அப்பிரிலியா நிறுவனம் வில்லுக்குப் பதிலாக அமுக்கிய வாயுவைக் கொண்ட எஞ்சினைப் பெரும் பந்தயத்துக்குக் கொணர்ந்தது. டுக்காட்டியோ, 2020 இல் அறிவித்த நான்குருளை எஞ்சின் ஒன்றிலே மீண்டும் சுருள்வில்லுக்குத் திரும்பி, 60,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை இடைவெளி பார்த்தாற் போதும் என விதித்தது. அது நெடும் பயணத்துக்கான வண்டி. வில்லைத் துறந்த அமைப்பிலும் தேய்வு ஒழியவில்லை. திறக்கும் கேமுக்கொன்றும் மூடும் கேமுக்கொன்றுமாக இரண்டு இடைவெளிகளை அளக்கும் வேலையே கூடியது.

ஓசை குறைவதன் காரணம்

வால்வுத் தொகுதியில் இருவகைத் தேய்வு நிகழ்கின்றது. கேமின் புடைப்பும் டப்பட்டின் முகமும் தேய்ந்தால் இடைவெளி கூடும். கூடிய வெளியைக் கடந்து வரும் கேம் டப்பட்டை அறைவதால் 'டிக் டிக்' என்னும் ஒலி எழும். இது பழையோர் நன்கறிந்த தேய்வு. அவ்வொலி கேட்டதும் கராச்சுக்காரர் டப்பட் தட்டுகின்றது என்பர்.

மற்றையது இருக்கையின் தேய்வு. வால்வுத் தலையும் இருக்கையும் ஒன்றையொன்று இலட்சக்கணக்கில் அறைந்து தேயுமிடத்து, வால்வு இருக்கைக்குள்ளே மேலும் ஆழ்ந்து அமர்கின்றது. தலை மேலேறினால் தண்டின் நுனியும் மேலேறும். ஷிம்மும் டப்பட்டும் கேமை நோக்கி நெருங்கும். இடைவெளி குறையும். ஒலியும் அதனோடு குறையும். இக்காலத்துக் கேமும் டப்பட்டும் மிக வன்மையாகச் செய்யப்படுவதால் அவை தேய்வது சிறிது. இருக்கைத் தேய்வே முந்துகின்றது. 'முன்னரிலும் எஞ்சின் அமைதியாக ஓடுகின்றது' என்று உடையவர் மகிழும் வேளையில் இடைவெளி மறைந்துகொண்டிருத்தல் கூடும்.

இடைவெளி அற்றுப்போனால் நிகழ்வதென்ன? வால்வு தான் பெற்ற வெப்பத்தின் பெரும் பகுதியை மூடியிருக்கும் நேரத்திலே இருக்கையின் வழியாகவே கையளிக்கின்றது. வெப்பத்தால் தண்டு நீண்டு, இடைவெளியும் இல்லையாயின், கேமின் முதுகே வால்வைச் சிறிது திறந்து பிடிக்கும். வால்வு இருக்கையிற் பொருந்தாது. வெப்பம் போக வழியில்லை. கொதிக்கும் வாயு அச்சிறு பிளவினூடே பாய்ந்து விளிம்பைத் தின்னும். வால்வு எரிந்தது என்று சொல்வது இதனையே. எஞ்சின் சூடேறியபின் மீளத் தொடங்க மறுத்தலும், நின்றவிடத்தில் ஒரு சீராக ஓடாமையும், ஆற்றல் சிறிது சிறிதாகக் குன்றலும் இதன் பிந்திய அறிகுறிகள். அவை தோன்றுமுன் அளப்பவனே எஞ்சினைக் காப்பான்.

அளக்கும் முறை

எஞ்சின் நன்கு குளிர்ந்திருத்தல் முதல் விதி. பெரும்பாலான கைந்நூல்கள் 35 பாகை செல்சியசுக்குக் கீழே அளக்க வேண்டுமென்கின்றன. நம் நாட்டிலே நண்பகல் வெயிலில் நின்ற வண்டி ஓடாமலே அவ்வெல்லையைத் தாண்டிவிடும். ஆதலின், இரவு முழுதும் நிழலில் விட்டு அதிகாலையில் அளத்தலே சிறந்தது.

மேல் மூடியைக் கழற்றுமுன் சுற்றுப்புறத்தைத் தூசியறத் துடைத்தல் வேண்டும். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றினால் எஞ்சினைக் கையால் எளிதிற் சுழற்றலாம். அமுக்கல் அடிப்பின் முடிவில் முசலம் உச்சியில் நிற்க, இரு கேம் புடைப்புக்களும் டப்பட்டை விட்டு மறுபுறம் நோக்கும். அந்நிலையில் பீலர் கேஜ் என்னும் மெல்லிதழ்க் கோவையால் இடைவெளியை அளக்க வேண்டும். 0.18 இதழ் சிறு உராய்வோடு நுழைந்து 0.19 இதழ் நுழையாதாயின் இடைவெளி 0.18 ஆகும். பதினாறு வால்வின் அளவுகளையும் அவ்வப்போதே எழுதிவிட வேண்டும், நினைவை நம்பலாகாது.

அளவு எல்லைக்கு வெளியே இருப்பின் ஷிம் தகட்டை மாற்ற வேண்டும். கணக்கு எளிது. பழைய தகட்டின் தடிப்போடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழித்தால் வருவதே புதிய தகட்டின் தடிப்பு. பழைய தகடு 1.800 மில்லிமீற்றர், அளந்த இடைவெளி 0.14, வேண்டியது 0.20 எனின், 1.800 உடன் 0.14 ஐக் கூட்டி 0.20 ஐக் கழிக்க 1.740 வரும். இவ்வண்டிக்குத் தகடுகள் 0.025 மில்லிமீற்றர் படிகளிற் கிடைக்கின்றன. அண்மையது 1.750. அதனை இட்டால் இடைவெளி 0.19 ஆகும், அது எல்லைக்குள்ளேயே நிற்கும்.

கேம் தண்டைப் பிடித்திருக்கும் மூடிகளின் ஆணிகளை ஒரேயடியாகக் கழற்றாது, குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இல்லையேல் வில்லின் விசை ஒரு பக்கமாகத் தாக்கி மூடி வெடிக்கும். பூட்டும்போதும் அவ்வொழுங்கே, முறுக்கு விசையைக் காட்டும் சாவியைக் கொண்டு, கைந்நூல் கூறும் அளவுக்கே இறுக்குக. சங்கிலி இறங்கும் குழியைத் தூய துணியால் அடைத்துவிட்டே தகட்டைக் காந்தத்தால் எடுக்க வேண்டும். உள்ளே விழுந்த ஒரு தகடு முழு எஞ்சினையும் பிரிக்கச் செய்யும். யாவும் பூட்டியபின் எஞ்சினைக் கையால் இரு முழுச் சுற்றுச் சுழற்றி, கேமின் அடையாளங்கள் பொருந்துகின்றனவா எனப் பார்த்து, மீண்டும் ஒரு முறை அளக்க. சுழற்றும்போது தடை தென்பட்டால் வலிந்து திருப்பலாகாது. அத்தடை வால்வும் முசலமும் முட்டுவதாயிருக்கலாம்.

அளவேட்டைப் படித்தல்

இவ்வளவும் கைத்தொழில். இனிச் சொல்வதே இப்பாடத்தின் உயிர். ஓர் அளவு தனியே நின்று அதிகம் சொல்வதில்லை. பல நாள் அளவுகளை ஒழுங்காக எழுதிவைத்துப் படிப்பவனுக்கே எஞ்சின் தன் நிலையைக் கூறும்.

ஒரு வால்வு புதிதில் 0.20 ஆகவும், ஆறு நாள் ஓட்டத்தின் பின் 0.19 ஆகவும், பன்னிரண்டு நாளின் பின் 0.18 ஆகவும் இருந்தால் அதன் தேய்வு ஒரு சீரானது. கீழெல்லையாகிய 0.17 ஐ அது பதினெட்டாம் நாளளவில் அடையும் என முன்கூட்டியே அறியலாம். வேறொரு வால்வு 0.20, 0.19, 0.15 என்று இறங்கினால், அது தன் அயலவற்றோடு சேர்ந்து தேயவில்லை. அதனிடத்தே தனிக் குறை உண்டு. தண்டு வளைந்திருக்கலாம், இருக்கை விளிம்பு குழிந்திருக்கலாம், காற்று வடியினூடே தூசி கசிந்து வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவே அரைபடலாம்.

தைத்தேனியம் என்னும் உலோகத்தாற் செய்த வால்வுகளில் இவ்வெச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். உருக்கினும் இலேசான அவ்வுலோகம் விரைவான எஞ்சினுக்கு ஏற்றது. ஆனால் அதன் முகத்துக்கு இட்ட மெல்லிய வன்பூச்சே அதற்குக் கவசம். பூச்சு அழியும்வரை இடைவெளி அசையாது நிற்கும். அழிந்தபின் விரைந்து குறையும். இவ்வால்வை மணற்பசையிட்டு இருக்கையோடு தேய்த்துப் பொருத்தினால் அக்கவசத்தை நாமே உரித்தவராவோம்.

இத்தகைய வால்வுக்கு மெல்லிய தகட்டை இட்டு மூடிவிடுவோர் பலர். மறுநாள் இடைவெளி விதித்தபடி நிற்கும், எஞ்சினும் ஓடும். ஆயினும் தேய்ந்த முகம் தேய்ந்தபடியே உள்ளது. சீராகத் தேய்ந்த வால்வுக்குத் தகடு மாற்றுவது பராமரிப்பு. விரைந்து தேயும் வால்வுக்கு அதனை மாற்றுவது நோயை மறைப்பது. அவ்வேளை உருளையினுள் அமுக்கிய காற்றைச் செலுத்திக் கசிவைச் சோதிக்க வேண்டும். வெளியேற்றுக் குழாயிற் சீறல் கேட்டால் வெளியேற்று வால்விலும், காற்றுப் புகும் வாயிலிற் கேட்டால் உள்ளெடுப்பு வால்விலும் குறையுண்டு. குறை கண்டால் எஞ்சினின் தலையைக் கழற்றுவதே வழி.

ஏனைய உறுப்புக்கள்

சுருள்வில்லும் ஓசையின்றியே தளர்வது. எஞ்சினின் தலையைத் திறக்கும்போதெல்லாம் வில்லின் தனி நீளத்தை அளந்து, கைந்நூல் எல்லையோடு ஒப்பிட வேண்டும். வில் தளர்ந்தால் வால்வு மிதத்தல் முன்னரிலும் குறைந்த சுழற்சியிலேயே தொடங்கும். கேமைச் சுழற்றும் சங்கிலி நீண்டால், வால்வுகள் உரிய வேளைக்குப் பிந்தித் திறந்து மூடும். வழிகாட்டிக் குழலும் அதன் எண்ணெய்த் தடுப்பும் தேய்ந்தால், நெடுந்தூரம் விசையை மூடி வந்து மீளத் திறக்கும் கணத்தில் நீலப் புகை எழும்.

இவ்வுறுப்புக்கள் யாவற்றுக்கும் எஞ்சின் எண்ணெயே காவல். பெரும்பாலான மோட்டார்ச் சைக்கிள்களில் எஞ்சினும் கியரும் ஒரே எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. கியரின் பற்கள் எண்ணெயின் தடிப்பைக் காக்கும் சேர்க்கைகளை நாளடைவில் அறுத்துவிடும். தடத்தின் வெப்பம் அதனை விரைவுபடுத்தும். ஆதலின் தெருத்தவணைவரை காத்திருத்தல் ஆகாது. குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கியவுடன் முறுக்கி உறுமச் செய்வதும் தீது. கேம் தண்டு மேலே இருப்பதால் எண்ணெய் அதனைச் சென்றடையச் சிறிது நேரம் வேண்டும்.

இத்துணைக் கவனமும் எஞ்சினின் விலையைக் கருதி மட்டும் வேண்டப்படுவதன்று. ஓடும் எஞ்சினில் வால்வுத் தலை முறிந்து உருளைக்குள் விழுமாயின் முசலம் சிதறும். எஞ்சின் ஒரு கணத்தில் இறுகும். பின் சில்லு சுழலாது நிற்கும். ஓட்டுநர் கிளச்சைப் பிடிக்குமுன் நிலத்தில் விழுவார். எஞ்சினின் உடல் பிளந்து எண்ணெய் தடத்திற் சிந்தினால், பின்னே வருவோர் தம் வண்டியை எத்துணை நன்றாகப் பேணியிருந்தாலும் அவ்வெண்ணெயிற் சறுக்குவர். தன் எஞ்சினை அளவாதவன் பிறர் உயிரையும் பணயம் வைக்கின்றான்.

உலகப் பந்தயத்தின் மோட்டோ இரண்டு என்னும் பிரிவில் 2010 முதல் 2018 வரை ஓடியவர் யாவரும், நாம் எடுத்துக்காட்டிய இதே ஹொண்டா வண்டியினின்று ஆக்கிய எஞ்சினையே பயன்படுத்தினர். அணியினர் தாமே திறவாதபடி எஞ்சின்கள் முத்திரையிடப்பட்டு, ஒரே நிலையத்திலே பேணப்பட்டன. தனியே தடத்துக்குச் செல்லும் இளைஞனுக்கு அத்தகைய நிலையம் இல்லை. அவனுக்கு உள்ளவை ஒரு பீலர் கேஜும், ஓர் அப்பியாசக் கொப்பியும், ஓர் அதிகாலைப் பொழுதுமே.

அவை போதும். மாணவரே, கொப்பியின் பக்கமொன்றில் பதினாறு கட்டங்களை வரைக. திகதியையும் ஓடிய மணித்தியாலத்தையும் மேலே எழுதுக. எல்லை கடந்த சுழற்சி நேர்ந்த நாளையும் மறைக்காது குறித்து வைக்க. வண்டியை விற்கும் நாளில் அக்கொப்பியையும் வாங்குபவர் கையிற் கொடுக்க. பழைய பந்தய வண்டியை வாங்குவோராயின், எஞ்சின் எத்துணை அமைதியாக ஓடுகின்றது என்று கேட்டு மகிழாது, அதன் கொப்பி எங்கே என்று முதலில் வினவுக.